உழைச்செல்வார் கையில் ஒரு கருவி

தாதிமைப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு அவள் மருத்துவமனை வார்டுக்குள் நுழைகிறாள். நுழையும்போதே கைத்தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பணி நேரத்தில் அதைக் கையில் எடுத்தால் கண்டிப்பு. மீண்டும் எடுத்தால் கல்லூரிக்குப் புகார்க் கடிதம். பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் வார்டை விட்டு வெளியே வருகிறாள். அந்த நொடியிலிருந்து அதே கைத்தொலைபேசி இல்லாமல் அவளால் மாணவியாக இருக்கவே முடியாது. கால அட்டவணை அதில்தான் வருகிறது. விரிவுரைக் குறிப்புகள் அதில்தான் வருகின்றன. ஒப்படைப்பை அதன் வழியேதான் அனுப்ப வேண்டும். ஆசிரியரின் அறிவிப்போ நள்ளிரவிலும் புலனத்தில் வந்து விழுகிறது.

ஒரே பொருள் காலையில் களவுப் பண்டம், மாலையில் பாடநூல்! இப்படிப்பட்ட முரண்பாட்டை வேறு எந்தத் துறையிலாவது சகித்துக்கொள்வோமா? இந்த விதி நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே அளவில் நடப்பில் உள்ளதென்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் தளர்வு உண்டு. சில இடங்களில் தெளிவான வரையறைகளும் உண்டு. ஆயினும் பல இடங்களில் இன்றும் ஆட்சி செய்வது இந்த இரட்டை முகம்தான். இது விதியன்று. சிந்திக்க மறுப்பவர்கள் ஒதுங்கி நிற்கும் நிழல் என்றே இதனைச் சொல்வேன்.

நான் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தேன். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம் பயிற்சித் தாதி வந்தாள். நம் தமிழ்ப் பெண். என் கட்டிலின் கால்மாட்டில் நின்றவள், சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. வலியோடு கிடந்த எனக்குச் சினம் தலைக்கேறியது. 'நோயாளி இங்கே துடிக்கிறான். இவளுக்கு அங்கே என்ன அரட்டை?' என்று தலைமைத் தாதியிடம் முறையிட்டேன். அந்தப் பெண் எல்லார் முன்னிலையிலும் வசை வாங்கினாள். எனக்கும் வெற்றி பெற்ற நிறைவு!

மறுநாள் அவள் முகம் வாடியிருந்தது. மனம் கேட்காமல், "நேற்று யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் அம்மா?" என்று கேட்டேன்.

"யாரிடமும் பேசவில்லை ஐயா. உங்களுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை எனக்குப் புதியது. வெறும் வயிற்றில் கொடுக்கலாமா, சாப்பிட்ட பின்புதான் கொடுக்க வேண்டுமா என்று பார்த்தேன். யாரையாவது கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்கள்."

நான் வாயடைத்துப் போனேன். எனக்காகத்தான் அவள் தேடினாள். என் பொருட்டு ஐயம் கொண்டவளை நானே காட்டிக் கொடுத்தேன். அன்று அவள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருக்கும்? 'ஐயம் வந்தால் தேடாதே. தெரிந்தவள்போல் நடந்துகொள்' என்பதுதானே? தேடுகிறவளைத் தண்டித்து, தெரிந்ததாக நடிப்பவளை உருவாக்கும் கல்வி, நோயாளியின் உயிரோடு விளையாடும் கல்வி.

கருவிகளின் கதை

புதிய கருவி ஒன்று நோயாளியின் கட்டிலருகே வரும்போதெல்லாம் தயக்கம் எழுவது இயல்பு. 1816ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் லாயென்னெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் இதயத் துடிப்புமானி அதிலிருந்து பிறந்தது. உடல் வெப்பம் பார்க்கும் கருவியோ ஒரு காலத்தில் ஓரடி நீளம் இருந்தது. ஒரு முறை வெப்பம் பார்க்கவே ஏறத்தாழ இருபது நிமிடம் பிடித்தது. 1866இல் ஆல்பட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதனைச் சிறியதாக்கிக் கொடுத்தார். பின்னர் அது தாதியின் அன்றாடக் கருவியாயிற்று. தாதியின் மார்பில் தொங்கும் கடிகாரத்தையும் பாருங்கள். நாடியைப் பிடித்துக்கொண்டு அவள் கடிகாரத்தைப் பார்க்கும்போது, 'என்னைப் பாராமல் மணி பார்க்கிறாளே' என்று எந்த நோயாளியாவது வருந்துவதுண்டா? அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். கைத்தொலைபேசியை எதற்காகப் பார்க்கிறாள் என்பது நமக்குத் தெரியவில்லை. தெரிவிக்கும் கடமையை யாரும் ஏற்கவுமில்லை. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

மற்றொரு வரலாற்றையும் இங்கு நினைத்தல் வேண்டும். 1860இல் இலண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் எழுந்த பயிற்சிப் பள்ளி, புனித தாமஸ் மருத்துவமனையோடு ஒட்டியே இருந்தது. சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பிரெஞ்சுக் கன்னிமாடத் துறவியர் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கினர். அந்நாளே இன்றும் அங்குத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கற்பதும் பணி புரிவதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஐயம் வந்தால் நான்கு கட்டில் தள்ளி மூத்த தாதி நின்றார், கேட்கலாம். இன்றைய நிலை வேறு. 1956இல் சிங்கப்பூரில் தாதிமைப் பள்ளி தனிக் கட்டடம் பெற்றது. 1992இல் தோன்றிய நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியிடம் பின்னர் அப்பயிற்சி ஒப்படைக்கப்பட்டது. மலேசியாவிலும் அரசுப் பயிற்சிக் கல்லூரிகளோடு தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தாதியரை உருவாக்குகின்றன. கல்வித் தரம் உயர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் புத்தகம் ஓரிடத்திலும் கட்டில் வேறிடத்திலும் ஆயின. நூலகம் கல்லூரியில், ஐயம் வார்டில்! இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். உள்ளங்கை அளவில் அந்தப் பாலம் கிடைத்திருக்கும்போது அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம்.

ஏன் வேண்டும்?

மருந்து கொடுப்பதில் ஐந்து 'சரி'கள் உண்டென்று ஒவ்வொரு தாதிக்கும் முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கேட்பதற்கு எளிது, காப்பதற்கு அரிது. மருந்துப் பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒலிக்கின்றன. ஹைட்ராலசின் என்பது இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. ஹைட்ராக்சிசின் என்பது ஒவ்வாமை அரிப்புக்குக் கொடுப்பது. ஓரெழுத்து மயங்கினால் உயிருக்கே இடர். அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. செல்வமும் அறிவியலும் செழித்த நாட்டின் நிலை அது. மிம்ஸ் போன்ற மருந்துக் கையேடு அச்சு வடிவில் தாதியர் மேசையில் இருந்த காலத்தில் அதைப் புரட்டுவது கடமையாகக் கருதப்பட்டது. அதே கையேடு கைத்தொலைபேசிக்குள் வந்தபின் அதைப் பார்ப்பது குற்றமாகிவிட்டது. தாளில் இருந்தால் அறிவு, கண்ணாடியில் தெரிந்தால் அரட்டையா?

செய்முறைகளையும் நினைத்துப் பாருங்கள். சிறுநீர்க் குழாய் செருகுவதற்குப் படிகள் பல உண்டு. எந்தக் கை தூய்மையான கை, எந்தக் கை பிற இடத்தைத் தொடலாம் என்பது தொடங்கி ஒவ்வொன்றும் ஒழுங்கு மாறாமல் நடக்க வேண்டும். கல்லூரிப் பொம்மையிடம் ஒரு முறை செய்து பார்த்தவள், மூன்று மாதம் கழித்து உயிருள்ள நோயாளியிடம் செய்யப் போகிறாள். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று அந்தச் செய்முறைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்றால் யாருக்கு இழப்பு? வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் வந்து போகும் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அந்தப் பயண நேரமே படிப்பு நேரம். விலையுயர்ந்த பாடநூல்களை வாங்க இயலாத குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி உண்டோ?

மறுப்பார் கூற்று

தடையை ஆதரிப்பவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை உண்டு. அவற்றுக்கு விடை கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

கிருமி பரவும் என்கிறார்கள். உண்மைதான். மருத்துவப் பணியாளரின் கைத்தொலைபேசிகளில் நோய்க்கிருமிகள் குடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்னபோது எள்ளி நகையாடிய மருத்துவ உலகம், இன்று கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலக நல நிறுவனத்தின் வழியே வகுத்து வைத்திருக்கிறது. கைக்குச் சொன்ன ஒழுங்கைக் கையிலிருக்கும் கருவிக்கும் சொல்வதற்கு என்ன தடை? வார்டில் வண்டியும் பேனாவும் நோயாளியின் குறிப்பேடும் கிருமி சுமப்பவைதாம். அவற்றைத் தடை செய்தோமா? துடைக்கக் கற்றுக்கொடுத்தோம்.

கவனம் சிதறும் என்கிறார்கள். இதுவும் உண்மை. பாடம் பார்க்க எடுத்த கருவியில் தோழியின் செய்தி வந்து விழும். விரல் அங்கே தாவும். மருந்தளவு கணிக்கும்போது குறுக்கே ஒரு மணியொலி கேட்டாலும் கணக்குத் தவறும். ஆகவேதான் சொந்தக் கருவி வேண்டாம், கல்லூரியே வழங்கும் கருவி வேண்டும் என்கிறேன். பாடமும் மருந்துக் கையேடும் மட்டும் அதில் இருக்கட்டும். அரட்டைக்கு அதில் இடமே வேண்டாம்.

நோயாளியின் மறைவு காக்கப்படாது என்பது மூன்றாவது வாதம். மூன்றிலும் இதுவே வலியது. புண்ணைப் படம் பிடித்து நண்பர் குழுவில் போடுவது அறியாமையால் நடந்தாலும் அறமாகாது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் மலேசியச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. சட்டம் எட்டாத இடத்தில் காவல் நிற்க வேண்டியது தாதியின் மனச்சான்று. மனச்சான்றைப் பெட்டியில் பூட்டிப் பயிற்றுவிக்க முடியுமா? மூன்றாண்டு பூட்டி வைத்துவிட்டு, பட்டயம் பெற்ற மறுநாள் கருவியைக் கையில் கொடுத்து 'இனிப் பொறுப்பாக நடந்துகொள்' என்றால், நீச்சல் தெரியாதவனை ஆழத்தில் தள்ளிவிட்டு 'நீந்து' என்பதற்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

2020ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? கொவிட் பெருந்தொற்றின்போது மைசெஜாத்திரா செயலியையும் டிரேஸ்டுகெதர் செயலியையும் கையில் ஏந்தாமல் நடமாட முடியாதபடி செய்தோமே! நோயைத் தடுக்க உதவிய கருவி, நோயாளியைக் காக்கக் கற்பதற்கு மட்டும் உதவாதா?

மறுபக்கத்து ஆபத்து

இவ்வளவும் சொன்னதால், கைத்தொலைபேசியை வானளாவப் புகழும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். தடை செய்பவர்களைவிட அஞ்சத்தக்கவர்கள் அவர்களே. 'செயலி ஒன்று போதும். மாணவர் தாமே கற்பர்' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சொல்லின் உட்பொருள் என்ன? வார்டுக்கு அனுப்பும் பயிற்சி ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதே. ஆசிரியரை நீக்குவதற்குக் கருவியைச் சாக்காக்கினால், அந்தக் கருவியை நானே முதலில் உடைப்பேன்.

உலக நல நிறுவனம் 2020ஆம் ஆண்டைத் தாதியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேயே பெருந்தொற்று வந்து, பயிற்சி மாணவர் பலர் வார்டுக்குச் செல்ல முடியாமல் திரையின் முன் அமர நேர்ந்ததை என்னென்பது! திரையில் காணும் இரத்தக் குழாய் ஊசியைக் கண்டு நழுவாது. திரையில் படுத்திருக்கும் நோயாளி அழமாட்டான். வியர்வையில் நனைந்த கையால் நம் கையைப் பற்றமாட்டான். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று திரை சொல்லும். எண்ணும்போது அந்த மூச்சில் கேட்கும் இரைச்சலையும், உதட்டில் படரும் நீலத்தையும் கண்டு பதறக் கற்றுக்கொடுப்பவர் அருகில் நிற்கும் ஆசிரியர்தாம். நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய தாதிமை நூலில் நோயாளியை உற்றுநோக்கும் கலைக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார். அந்தக் கலையை எந்தச் செயலியும் விற்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 500 மில்லிலிட்டர் நீர்மத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாய். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 துளி. 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. கருவி இதனை நொடியில் சொல்லும். ஆனால் மாணவி 500 என்பதற்குப் பதிலாக 5000 என்று தட்டிவிட்டால் 417 என்றும் அதே நொடியில், அதே உறுதியோடு சொல்லும்! கருவிக்கு வெட்கமில்லை. 'இவ்வளவு இருக்க முடியாதே' என்று திடுக்கிடும் அறிவு மாணவியின் தலைக்குள் இருக்க வேண்டும். அதைக் கரும்பலகையின் முன் நிறுத்தி, கையால் கணக்குப் போட வைத்துத்தான் உண்டாக்க முடியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். கண்ணாடிச் சுரைக்காயும் அப்படித்தான்.

செலவு யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டும். சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்கு இணைய அலை தேடி மரத்தின்மேல் ஓரிரவைக் கழித்தது 2020இல் நாடறிந்த செய்தி. கருவியும் இணையமும் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிடைப்பதாக எண்ணித் திட்டம் தீட்டுபவர்கள், ஏழை மாணவியின் உடைந்த திரையைப் பார்த்ததில்லை. எதைக் கட்டாயமாக்குகிறார்களோ அதை வழங்குவதும் அவர்களின் கடமை.

செய்ய வேண்டுவன

என் கோரிக்கைகள் சிலவே. கைத்தொலைபேசியை எங்கே, எப்போது, எதற்காக எடுக்கலாம் என்று எழுத்தில் வரையறை செய்க. மருந்து வண்டியருகே எடுக்கலாம். நோயாளியின் உடலைத் தொட்டுப் பணி செய்யும்போது எடுக்கலாகாது. எடுக்குமுன், 'உங்கள் மருந்தைப் பற்றிப் பார்க்கிறேன்' என்று நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லப் பழக்குக. அன்று அந்த ஒரு வார்த்தை எனக்குச் சொல்லப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது. கல்லூரி தேர்ந்தெடுத்த, இணையம் இல்லாதபோதும் இயங்கும் பாடங்களைக் கல்லூரியின் கருவியிலேயே கொடுக்க. கிடைக்கும் செய்தியில் எது நம்பத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று பிரித்தறிவதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க. ஆசிரியர்களுக்கும் அதே பயிற்சியை அளிக்க. பயிற்சி ஆசிரியரின் எண்ணிக்கையை ஒருபோதும் குறைக்கற்க. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 5.9 மில்லியன் தாதியர் பற்றாக்குறை என்று உலக நல நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் பள்ளத்தை மனிதரால்தான் நிரப்ப வேண்டும்.

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் முதியோர் பலர் தமிழ் ஒன்றையே அறிந்தவர்கள். அவர்கள் கட்டிலருகே நிற்கும் தாதி மலாய்ப் பெண்ணாகவோ சீனப் பெண்ணாகவோ பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். பாட்டி 'நெஞ்சைக் கரிக்கிறது' என்பாள். 'நெஞ்சை அடைக்கிறது' என்பாள். 'நெஞ்சு படபடக்கிறது' என்பாள். மூன்றும் மூன்று துன்பம். ஒன்று செரியாமையாய் இருக்கலாம். ஒன்று மாரடைப்பின் முன்னறிவிப்பாய் இருக்கலாம். மொழி அறியாத தாதிக்கும் அவசரத்தில் மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கும் மூன்றும் 'நெஞ்சு வலி' என்றே தெரிந்துவிட்டால், அந்தப் பாட்டியின் கதி என்ன? நோயை நம் மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தொகுத்து, பொருள் விளக்கி, குரலில் பதிந்து, பயிற்சித் தாதியரின் கருவியில் சேர்க்கும் பணி நம்முடையது. நாம் செய்யாவிட்டால் நமக்காக வேறு யார் செய்வார்?

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மருந்தூட்டுபவர் என்பது அந்தப் பெயரின் பொருள். தாதிக்கு இதைவிடச் சிறந்த பெயர் எந்த மொழியிலும் இருப்பதாக நான் அறியேன். எந்தக் கருவியையும் அளக்கும் கோலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாதியை நோயாளியின் பக்கத்திலிருந்து விலக்குமாயின் அக்கருவி வேண்டாம்; பக்கத்தில் நிற்பவளை இன்னும் தெளிவோடு நிற்கச் செய்யுமாயின் அதை மறுக்க நமக்கு உரிமையில்லை.

என் கட்டிலின் கால்மாட்டில் அன்று நின்ற பெண் இந்நேரம் பட்டயம் பெற்று எங்கோ ஒரு வார்டில் பணி புரிந்துகொண்டிருப்பாள். அவளிடம் இப்போது பயிலும் இளம் பெண்ணும் ஒரு நாள் புதிய மாத்திரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவாள். அன்றாவது அவளைத் தேட விடுங்கள்.